குப்புற விழுறதுக்கு முந்தியே கட்டிலை விட்டு இறக்கு!

"இன்னும் குப்புறவே விழலையே, கட்டில்ல போட்டா என்னக்கா?" இப்படிக் கேக்காத இளம் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. கேளு கண்ணு, பிள்ளை உனக்குத் தாக்கல் சொல்லிட்டுப் புரளாது. நீ காய்ஞ்ச துணியை எடுக்க மாடிக்குப் போன நேரம் பார்த்துத்தான் புரளும். குப்புற விழத் தெரியாத பிள்ளை கூட, குதிகாலை மெத்தையில உதைச்சு உதைச்சே சாண் சாணா நகரும். அப்படியே கட்டில் ஓரத்துக்கு வந்துடுற பிள்ளைங்க உண்டு.

அதனால ஒரு கணக்கை மனசுல வெச்சுக்கோ. தடுப்பூசிக்கு 6, 10, 14-வது வாரம்னு மூணு தடவை போவே இல்லையா? அந்த மூணாவது ஊசி போட்டு வந்த அன்னிக்கே பிள்ளையோட இடத்தைக் கட்டில்லேர்ந்து தரைக்கு மாத்திடு. அப்போ மூணேகால் மாசம் நடக்கும். நிறைய பிள்ளைங்க நாலுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள புரளும். சில அவசரக் குடுக்கைங்க மூணு மாசத்துலயே ஆரம்பிச்சுடும். அதனால அந்த ஊசிக்கு முந்தியே மாத்தினாலும் நஷ்டம் ஒண்ணும் இல்லை.

எதைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறதுன்னு கேப்பே. குப்புறப் படுக்க வெச்சா கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். மல்லாக்கப் போட்டா ரெண்டு காலையும் தூக்கி முழங்காலைப் பிடிக்கும்; கொஞ்ச நாள் போனா கால் கட்டைவிரலைப் பிடிச்சு வாய்க்குக் கொண்டுபோகும். தூக்கின காலோட இடுப்பு ஒரு பக்கமா சாயும், ஒருக்களிச்சுக் கொஞ்சம் நிக்கும், திரும்ப மல்லாக்க விழும். ஒரு நாள் இடுப்பு சாயுறப்போ தோளும் கூடவே வந்துடும். ஆச்சு, குப்புற! அடியில ஒரு கை மாட்டிக்கும். மூஞ்சி சிவந்து, மூக்கால விரிப்பைத் தேய்ச்சு, வீடே அதிர அழும். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதே. இடுப்புல உள்ளங்கையை வெச்சு, கை மாட்டாத பக்கமா லேசா சாய்ச்சுக் கொடு. மாட்டின கையை அதுவே உருவிக்கும். கொஞ்ச நாள்ல உன் தயவு இல்லாமலே உருவிடும்.

சில பிள்ளைங்க முதல்ல குப்புறலேர்ந்து மல்லாக்கத் திரும்பும், தலை கனத்துலயே சாய்ஞ்சு. சிலது நேர் எதிரா. ரெண்டும் சரிதான். பிள்ளைத்தமிழ் பாடின புலவங்களே, கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுற செங்கீரைப் பருவத்தை அஞ்சாம் மாசம்னு தோராயமாத்தான் வெச்சாங்க. பக்கத்து வீட்டு மாமிதான் தேதி குறிச்சுக் கேப்பாங்க. கண்டுக்காதே.

தரையில ஒரு மூலை பிடி

ஹால்லயோ ரூம்லயோ, நீ சமையல்கட்டுல நின்னா கண்ணுல படுற மாதிரி ஒரு மூலை. அது பிள்ளைக்கு. பவானி ஜமுக்காளம் மாதிரி தட்டையா, அழுத்தமா ஒண்ணு விரி. மேல ஒரு பருத்தி விரிப்பு, நாலு பக்கமும் இழுத்து அடியில செருகு. ரப்பர் ஷீட் போட்டா அதுக்குக் கீழ போடு, ஓரம் வெளிய நீட்டாம. புது இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம். உள்ளங்கையை வெச்சு அழுத்திப் பாரு. கை எடுத்த பிறகும் பள்ளம் நின்னா அது பிள்ளைக்கு ஆகாது. எழுத்து எழுத்தா பிரிச்சுப் பூட்டுற ஸ்பாஞ்ச் பாய் வாங்கியிருந்தா, அந்தத் துண்டு எழுத்தெல்லாம் நேரா வாய்க்குள்ள போகும். அதையும் சொல்லி வெச்சுட்டேன்.

டயபர், மாத்துத்துணி, துடைக்கிற துணி, எல்லாத்தையும் ஒரு கூடையில போட்டு அந்த மூலைக்குப் பக்கத்துல, பிள்ளை கைக்கு எட்டாம வை. டயபர் மாத்துறதும் தரையிலதான். கட்டில்ல போட்டு மாத்துறப்போ, "ஒரு நிமிஷம்"னு கிரீம் எடுக்கத் திரும்புவே பாரு, விழுறதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துலதான். காலிங் பெல் அடிச்சா, குக்கர் விசில் அடிச்சா, மாமியார் போன் பண்ணினா, முதல்ல பிள்ளை தரைக்கு. அப்புறம் மத்தது.

இப்போ நீயே அந்த விரிப்புல கன்னத்தை வெச்சுப் படுத்துப் பாரு. கேவலமா நினைக்காதே, யாரும் பார்க்கல. டீவி ஸ்டாண்டுக்கு அடியில உருண்டு போன கோலி, மூத்தவனோட பொம்மைக் காருல சுண்டைக்காய் சைஸ் சக்கரம், தொங்குற சார்ஜர் ஒயர், பிளக்குல செருகின கொசு மருந்து, எல்லாம் அங்கேர்ந்துதான் தெரியும். குறிப்பா ரிமோட்லயும் பாட்டுப் பாடுற பொம்மையிலயும் இருக்கிற பொத்தான் பேட்டரி. அதை முழுங்கினா, உணவுக்குழாய்ல சிக்கின இடத்தையே சில மணி நேரத்துல அரிச்சுடும். முழுங்கின சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு, காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதே.

தரைன்னா எறும்பு வருமேன்னு சொல்லுவே. பால் சிந்தினா அப்பவே ஈரத்துணியால துடை. எறும்பு சாக்பீஸ் கோடு மட்டும் பிள்ளை இருக்கிற ரூம்ல போடாதே, அது விஷம்.

இதெல்லாம் பண்ணாதே

1. தலையணை அணை. சுத்தி நாலு தலையணை வெச்சுட்டு "கோட்டை கட்டிட்டேன்"னு நிம்மதியா போவீங்க. புரளுற பிள்ளைக்கு அது கோட்டை இல்லை. ஒண்ணு, மூஞ்சி அதுல புதைஞ்சு மூச்சு முட்டும். இல்லேன்னா, காலால உதைச்சுத் தள்ளிட்டு அதோட சேர்ந்தே கீழ வரும். ரெண்டாவது நடந்தா சத்தமாவது கேக்கும். முதலாவது நடந்தா சத்தமே வராது.

2. சுவத்தோட ஒட்டின கட்டில். "ஒரு பக்கம் சுவர் இருக்கே"ன்னு தைரியம். மெத்தைக்கும் சுவத்துக்கும் நடுவுல நாலு விரல் சந்து போதும், உடம்பு நழுவி, தலை மாட்டிக்கும்.

3. சோபா. பிள்ளையைத் தூங்க வைக்கவே கூடாத இடம் ஒண்ணு சொல்லுன்னா இதைத்தான் சொல்லுவேன். சாய்மானத்துக்கும் மெத்தைக்கும் நடுவுல முகம் போய்ப் புதையும். நெஞ்சுல போட்டுக்கிட்டு சோபாவுலயே நீயும் அசந்து போறது அதைவிட ஆபத்து. உன் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

4. கடுகுத் தலையணை. தலை உருண்டையா வரணும்னு அம்மா தைச்சு அனுப்பியிருப்பாங்க. அன்புதான், மறுக்கல. ஆனா ஒரு வயசு வரைக்கும் தூங்குற பிள்ளைக்குத் தலையணையே வேண்டாம், கடுகும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். தையல் விட்டா கடுகு வாய்லயும் மூக்குலயும் போகும். தலை உருண்டையா வர்றதுக்கு வழி வேற இருக்கு, கீழ சொல்றேன்.

5. குடை கொசுவலை. அந்தச் சின்ன வலைக்குள்ள கவுத்து வெச்சுட்டுப் போற வசதி, புரள ஆரம்பிச்ச அன்னிக்கே முடிஞ்சுது. உருண்டுபோய் வலையோட முகத்தை ஒட்டிக்கும், இல்லேன்னா வலையையே இழுத்துக்கிட்டு வெளிய வரும். ஜன்னலுக்கு வலை அடி. முடியலேன்னா பெரியவங்க படுக்கிற பெரிய வலையைக் கட்டி, ஓரத்தை விரிப்புக்கு அடியில இறுக்கிச் செருகு.

6. கழுத்துல ஒண்ணும் வேண்டாம். செயின், கறுப்புக் கயிறு, தாயத்து, எல்லாம் புரளுறப்போ எங்கயாவது மாட்டி இறுகும். வசம்பு வளையல் நூல் அறுந்தா மணி மணியா வாய்க்குப் போகும். திருஷ்டிக்குன்னு சட்டையில ஊக்கு குத்தி விடுற பழக்கம் உங்க வீட்டுல இருந்தா இன்னிக்கே எடு. மல்லாக்கப் படுத்திருந்த வரைக்கும் நெஞ்சு மேல சும்மா இருந்த ஊக்கு, குப்புற விழுந்தா நெஞ்சுக்கு அடியில இருக்கும்.

7. துணியில சுத்துறது. கையைக் கட்டி இறுக்கமா சுத்தின பிள்ளை குப்புற விழுந்தா, தலையைத் தூக்கக் கையை ஊன்ற முடியாது. ஒருக்களிச்சுச் சாயப் பார்க்கிறது தெரிஞ்ச அன்னிக்கே சுத்துறதை நிறுத்து.

8. எண்ணெய்க் குளியல். எண்ணெய் தேய்ச்ச பிள்ளை கைக்கு நிக்காது, அதுலயும் திமிறிப் புரளுற வயசு. தண்ணி, சோப்பு, துண்டு எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டுத்தான் எண்ணெய்லயே கையை வை. டப்புல ரெண்டு விரல்கடைத் தண்ணி இருந்தாலும் தனியா விட்டு நகராதே.

9. பலகைக் கட்டில் தொட்டில் வாங்கினா. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல குளிர்பான டின் நுழைஞ்சா அந்தத் தொட்டில் வேண்டாம். 6 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். கையை ஊன்றி எழும்ப ஆரம்பிச்சதும் மேல தொங்குற கிலுகிலுப்பையை அவிழ்த்துடு, மெத்தையையும் தாழ இறக்கு.

தூளி விஷயம் தனி

தூளியைக் குறை சொன்னா நம்ம ஊர்ல சண்டைக்கு வருவாங்க, தெரியும். அம்மாவோட பழம்புடவை, அந்த ஆட்டம், ரெண்டு நிமிஷத்துல தூக்கம். வேலைக்கு நடுவுல அது இல்லாம முடியாதுன்னு நீ சொல்றதும் நியாயம்தான். ஆனா தூளிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை குனிஞ்சு பாரு. துணி குழியா இறங்கி, முதுகு வளைஞ்சு, தாடை நெஞ்சுல போய் ஒட்டியிருக்கும். சின்னக் குழந்தைக்கு அப்படித் தாடை ஒட்டினாலே மூச்சுக்குழாய் மடங்கும். ரெண்டு பக்கத் துணியும் முகத்துக்கு மேல மூடியிருக்கும். இதுல பிள்ளை புரண்டா, முகம் துணியில அப்பும். நைலக்ஸ், சிந்தெடிக் புடவைன்னா காத்தே வராது. இன்னொரு பக்கம் புரண்டா வெளிய வந்து விழும்.

அதனால: பிள்ளை புரள ஆரம்பிக்கிற வரைக்கும், நீ பக்கத்துலயே உக்கார்ந்து ஆட்டுறதுக்கு மட்டும் தூளி. மெல்லிசான பருத்திப் புடவை, துணியை விரிச்சுப் பிடிக்கக் குறுக்குக் கட்டை, கொக்கியையும் முடிச்சையும் தினம் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது, தரைக்கு எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ. கண் சொக்கினதும் தரை விரிப்புக்கு மாத்து. புரள ஆரம்பிச்சுட்டா தூளிக்கு ஓய்வு கொடுத்துடு. ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே சட்டம்தான்.

ஓய்வு கொடுத்த தூளியை அப்படியே தொங்க விடாதே. மூத்த பிள்ளைங்க அதுல முறுக்கி ஆடி, கழுத்துல புடவை இறுகிப் போன செய்தி வருஷா வருஷம் பேப்பர்ல வருது. கழட்டி மடிச்சு அலமாரியில வை.

ராத்திரித் தூக்கம்

படுக்க வைக்கிறப்போ மல்லாக்கத்தான். பகல் தூக்கமோ ராத்திரித் தூக்கமோ, ஒரு வயசு வரைக்கும். குப்புறத் தூங்குற குழந்தை, தான் விட்ட காத்தையே திரும்ப இழுக்குற மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல 1992-ல் குழந்தை டாக்டர்கள் சங்கம் குப்புறப் போடாதீங்கன்னு சொல்லி, 1994-ல் நாடு முழுக்கப் பிரசாரம் பண்ணினதுக்கு அப்புறம், தூக்கத்துலயே காரணம் தெரியாம சாகுற குழந்தைங்க எண்ணிக்கை பாதியாக் குறைஞ்சுது.

"மல்லாக்கப் போட்டா பால் கக்கி புரையேறுமே"ன்னு பாட்டி சொல்லுவாங்க. அவங்ககிட்ட சண்டை போடாதே, இதை மட்டும் சொல்லு: மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இருக்கும், கக்கின பால் மேல ஏறி மூச்சுக்குழாய்க்குப் போறதுதான் கஷ்டம். ஏப்பம் விட வெச்சுட்டுப் படுக்க வை, போதும்.

சரி, மல்லாக்கப் போட்டாலும் தூக்கத்துல அதுவே புரண்டுட்டா? ரெண்டு பக்கமும் தானா திரும்பத் தெரிஞ்ச பிள்ளைன்னா விட்டுடு. ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும்னா, நீ கண் முழிச்சப்போ பார்த்தா திருப்பிப் போடு. அதுக்காக விடிய விடிய டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டு உக்காராதே. தூங்காத அம்மா மறுநாள் பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டே சாய்வா. நீ பார்க்க வேண்டியது படுக்கையைத்தான்: தலையணை இல்லை, தளர்வான போர்வை இல்லை, பொம்மை இல்லை. குளிருச்சுன்னா போர்வைக்குப் பதிலா ஒரு சட்டை கூடப் போடு.

உன் பக்கத்துல, கை எட்டுற தூரத்துல, தனி விரிப்பு. "எங்க வீட்டுல எல்லாரும் ஒரே பாய்"னா, உன் தலையணையும் போர்வையும் பிள்ளைப் பக்கம் வராம பாரு. குடிச்சவங்க, தூக்க மாத்திரை போட்டவங்க, புகை பிடிக்கிறவங்க பக்கத்துல பிள்ளை வேண்டவே வேண்டாம். இதுல தாட்சண்யம் பார்க்காதே.

புரளப் பழகுற வாரத்துல நடு ராத்திரி எழுந்து குப்புறக் கிடந்து கத்தும். திருப்பிப் போட்டா திரும்பவும் புரளும். பகல்ல நிறைய புரள விடு, சீக்கிரம் கடந்து போகும்.

பகல்ல குப்புறப் போடு

குப்புறப் போடுறது கெடுதல் இல்லை. தூங்குறப்போதான் கெடுதல். முழிச்சிருக்கிறப்போ, நீ பார்த்துக்கிட்டிருக்கிறப்போ, தினமும் குப்புறப் போடணும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல், இன்னும் தானா நகராத குழந்தைங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 30 நிமிஷமாவது இது வேணும்னு சொல்லியிருக்கு. ஒரேயடியா அரை மணி நேரம் இல்லை, பதறாதே. ஆரம்பத்துல ஒவ்வொரு டயபர் மாத்துறப்பவும் ரெண்டு நிமிஷம், தானா சேர்ந்துடும். கழுத்து, தோள், முதுகு எல்லாம் இதுலதான் பலமாகும். பின்மண்டை தட்டையாகாம இருக்கிறதுக்கும் இதுதான் மருந்து. கடுகுக்கு வேலையே இல்லை.

பால் குடிச்ச உடனே போடாதே, அரை மணி கழிச்சுப் போடு. அழுதா உன் நெஞ்சு மேல குப்புறப் போட்டுக்கோ, அதுவும் கணக்குதான். கொஞ்சம் பெரிசானா ஒரு எவர்சில்வர் தட்டை நல்லா துடைச்சு முன்னாடி நிறுத்து. தன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டுத் தலையைத் தூக்கி நிக்கும், எச்சில் ஒழுகத் தட்டைத் தட்டும், கடைக்குப் போய் ஐநூறு ரூபா பொம்மை வாங்க வேண்டியதில்லை. அதே தட்டை மெதுவா ஒரு பக்கமா நகர்த்து. கண் போகும், தலை போகும், தோள் போகும். ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. கண் சொக்கிட்டா உடனே மல்லாக்க மாத்து.

அதே மாதிரி வாக்கரும் வாங்காதே. சீக்கிரம் நடக்கும்ங்கிறது வெறும் பேச்சு, படிக்கட்டுல உருளுறதுதான் நிஜம். கனடாவுல 2004-லயே அதை விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க.

விழுந்துட்டா

இவ்வளவு சொல்லியும் விழலாம். உன்னைத் திட்டுற வேலையை மத்தவங்க பார்த்துப்பாங்க, நீ பிள்ளையைப் பாரு.

- உடனே அழுதுட்டு, தூக்கினதும் அடங்கி, வழக்கம்போலப் பால் குடிச்சா பெரும்பாலும் பயமில்லை. ஆனா ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைன்னா, நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிடு.
- நினைவு தப்பினா, வலிப்பு வந்தா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, எழுப்பினா எழும்பலேன்னா, ஒரு கையோ காலோ அசைக்கலேன்னா, காதுலயோ மூக்குலயோ ரத்தமோ தண்ணியோ வந்தா, உச்சிக்குழி புடைச்சா, தலையில மெத்துன்னு வீங்கினா, ஒரு நிமிஷம் கூட யோசிக்காதே. 108.
- வீக்கத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதே. ஐஸ்கட்டியைத் துணியில சுத்தி லேசா ஒத்தடம் கொடு. காயத்துல காப்பித்தூள், மஞ்சத்தூள் வேண்டாம். மயங்கின பிள்ளை வாய்ல தண்ணி ஊத்தாதே.
- ஸ்கேன் எடுத்தே ஆகணும்னு டாக்டர்கிட்ட மல்லுக்கு நிக்காதே. சில சமயம் சில மணி நேரம் கண்காணிச்சாலே போதும்னு சொல்லுவாங்க. அது அலட்சியம் இல்லை.

புரளுற பிள்ளை வாய்ல எதையாவது போட்டு அடைச்சுக்கிட்டா: இருமுற வரைக்கும் இரும விடு. சத்தமே வராம திணறினா, முன்கையில குப்புறப் போட்டு, தலை தாழ, தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு. வரலேன்னா திருப்பி, நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால 5 அழுத்து. திரும்பவும் அதே. யாராவது 108-க்கு அடிக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதே, இன்னும் உள்ள போகும்.

டாக்டர்கிட்ட எப்போ கேக்கணும்

குறை மாசத்துல பிறந்த பிள்ளைன்னா, பிறந்த தேதியிலேர்ந்து எண்ணாதே. பிரசவத்துக்குக் குறிச்சிருந்த தேதியிலேர்ந்து எண்ணு. கொழு கொழு பிள்ளைங்க கொஞ்சம் தாமதிக்கும். சிலது புரளுறதைப் பெரிசா கண்டுக்காம நேரா உக்காரப் போயிடும்.

ஆனா நாலு மாசம் முடிஞ்சும் தலை நிக்காம ஆடினா கேளு. ஆறு மாசம் முடிஞ்சும் எந்தப் பக்கமும் புரள முயற்சியே இல்லேன்னா கேளு. எப்பவும் ஒரே பக்கம் மட்டும் புரண்டு, மத்த பக்கக் கையைப் பயன்படுத்தாம இருந்தா, உடம்பு விறைப்பாவோ துணி மாதிரி தொய்வாவோ இருந்தா, நேத்து வரைக்கும் செஞ்சதை இன்னிக்குச் செய்யலேன்னா, அடுத்த ஊசி வரைக்கும் காத்திருக்காதே. ரொம்பச் சீக்கிரம், முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துலயே, வில்லு மாதிரி விறைச்சுக்கிட்டுப் புரண்டா "என் பிள்ளை சூட்டிகை"ன்னு பெருமைப்படாம அதையும் ஒரு தடவை காட்டு.

போறப்போ, வீட்டுல பிள்ளை எப்படிப் புரளுது, எந்தக் கையை ஊன்றுதுன்னு போன்ல வீடியோ எடுத்துட்டுப் போ. டாக்டர் ரூம் மேஜையில போட்டா எதையும் செஞ்சு காட்டாது. கத்த மட்டும்தான் செய்யும்.